சூடானதும் நிற்கும் அவுட்போர்டு: சிடிஐ பெட்டியை வாங்கும் முன்

கேள்வி: என் பைபர் படகில் இருப்பது 9.9 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும்) எஞ்சின். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. காலையில் உடனே பிடிக்கிறது. அரை மணி நேரம் ஓடியதும் பட்டென்று நின்றுவிடுகிறது. அப்போது எவ்வளவு இழுத்தாலும் இரண்டு பிளக்கிலும் கரண்ட் இல்லை. ஆறினால் மறுபடி ஓடுகிறது. மெக்கானிக் சிடிஐ பெட்டியை (பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் எலக்ட்ரானிக் பெட்டி) மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். எரிபொருள் வராமல் நிற்கும் எஞ்சின் திணறித் திணறித்தான் அணையும். எரிபொருள் குழாயில் உள்ள ரப்பர் பல்பை அழுத்தினால் கொஞ்சம் உயிர் பிடிக்கும். உங்களுடையது பட்டென்று நிற்கிறது, இரண்டு பிளக்கிலும் கரண்ட் இல்லை. ஆக, கோளாறு இக்னிஷனில்தான், அதாவது பிளக்கில் தீப்பொறி தரும் அமைப்பில். ஆனால் அதில் சிடிஐ பெட்டியைச் சந்தேகிப்பது கடைசியில். விலையும் அதிகம், மாட்டிப் பார்த்த பெட்டியைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவும் மாட்டார்.

ஃப்ளைவீல் (எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரம்) சுற்றும்போது அதன் காந்தம் சார்ஜ் காயிலில் (செம்புக் கம்பிச் சுருள்) மின்சாரம் உண்டாக்குகிறது. அது பெட்டிக்குள் கெப்பாசிட்டரில் 200, 300 வோல்ட் அளவில் சேர்கிறது. சரியான நேரத்தில் பல்சர் காயில் ஒரு துடிப்பைத் தர, சேர்ந்த அத்தனையும் இக்னிஷன் காயிலுக்குப் பாய்ந்து, 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏறி பிளக்கில் தாவுகிறது. பேட்டரிக்கு வேலையே இல்லை. ஸ்டாப் பட்டன் செய்வதெல்லாம் இந்த மின்சாரத்தை எர்த்தில் இறக்கிவிடுவதுதான்.

அதனால் ஸ்டாப் வயரிலிருந்தே தொடங்குங்கள். உப்பேறிய பட்டனோ உரசித் தேய்ந்த வயரோ எர்த் ஆனாலும் இரண்டு சிலிண்டரும் சேர்ந்தே சாகும். பட்டனிலிருந்து பெட்டிக்குப் போகும் வயரைக் (யமஹாவில் வெள்ளை) கழற்றிவிட்டு இழுத்துப் பாருங்கள். கரண்ட் வந்தால் பட்டனையோ வயரையோ மாற்றினால் போதும். வயர் கழன்றிருக்கும்போது பட்டனும், ஓட்டுபவர் உடலில் மாட்டும் பாதுகாப்புக் கயிறும் எஞ்சினை நிறுத்தாது. சோக்கை இழுத்து அணைக்க வேண்டும். இந்தச் சோதனை கரையில் மட்டும், கடலில் வேண்டாம். பெட்டியின் கறுப்பு எர்த் வயர் எஞ்சின் பிளாக்கில் சேரும் போல்ட்டையும் கழற்றுங்கள். அடியில் பச்சை பூத்திருந்தால் பளபளவென்று தேய்த்து இறுக்குங்கள்.

கரண்ட் பார்க்கும்போது பிளக்கைக் கையில் பிடிக்காதீர்கள். இரண்டு பிளக்கும் பிளாக்கைத் தொட்டபடி இருக்கட்டும், ஆனால் பிளக் துளைக்கு அருகில் வேண்டாம். அங்கிருந்து வரும் எரிபொருள் ஆவி பற்றிக்கொள்ளும். பிளக் வயரை அந்தரத்தில் விட்டு இழுத்தால் காயிலும் பெட்டியும் கெடலாம்.

இதிலும் அகப்படவில்லையென்றால் முதல் சந்தேகம் சார்ஜ் காயில், அடுத்தது பல்சர். முடி போன்ற செம்புக் கம்பி உள்ளே விண்டிருக்கும். ஆறும்போது தொட்டுக்கொள்ளும், சூட்டில் விரிந்து விலகும். ஆறிய பிறகு மீட்டர் வைத்தால் எல்லாம் சரியாகவே காட்டும். பல மெக்கானிக்குகள் ஏமாறுவது இங்கேதான். தண்ணீர் டிரம்மில் எஞ்சினை ஓடவிட்டு, நின்ற மறு நிமிடமே கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகி) கழற்றி ஓம் பாருங்கள்.

இன்னொரு நுணுக்கம். மேனுவலில் உள்ள அளவு 20 டிகிரிக்கானது. செம்பின் தடை 10 டிகிரிக்குச் சுமார் 4 சதவீதம் ஏறும். மேனுவலில் 300 ஓம் என்றிருந்தால், 80 டிகிரி சூட்டில் 370 காட்டுவது இயல்பு. அதைப் பார்த்துக் காயிலைத் தூக்கி எறிய வேண்டாம். மீட்டர் முடிவிலிக்குப் போனாலோ, வயரை அசைக்கும்போது எண் துள்ளினாலோ காயில் போய்விட்டது என்று அர்த்தம். கயிறு இழுக்கும்போது வரும் வோல்ட்டைப் பார்க்க மீட்டரோடு மாட்டும் பீக் வோல்டேஜ் அடாப்டர் வேண்டும். சாதாரண மீட்டர் அந்தக் குறுந்துடிப்பைக் குறைத்தே காட்டும்.

இக்னிஷன் காயிலையும் அதே சூட்டில் அளந்துவிடுங்கள். எல்லாம் தேறினால் மிச்சம் சிடிஐதான். அதை ஓம் மீட்டரால் நம்பகமாகச் சோதிக்க முடியாது. அதே மாடல் எஞ்சின் வைத்திருப்பவரிடம் பெட்டியை இரவல் வாங்கி, சூடேறும்வரை ஓட்டிப் பார்ப்பதே உறுதியான வழி.

காயிலை மாற்ற ஃப்ளைவீலைக் கழற்றும்போது புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போடுங்கள். சுத்தியலால் தட்டினால் காந்தம் விரிசல் விடும். திரும்ப மாட்டும்போது தண்டின் கூம்புப் பகுதியில் கிரீஸ் தடவாமல் உலரத் துடைத்து, சாவி (தண்டையும் ஃப்ளைவீலையும் பிணைக்கும் சிறு உலோகத் துண்டு) உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, மேனுவல் சொல்லும் டார்க்கில் (முறுக்கு அளவில்) நட்டை இறுக்குங்கள். லூசாக விட்டால் சாவி வெட்டுப்பட்டு டைமிங் தவறும். அப்போது கரண்ட் நன்றாக வந்தும் எஞ்சின் பிடிக்காது.