முன்பணம் இல்லாத வீட்டுக் கடன்: தம்பி சம்பளமும் சேருமா?

கேள்வி: வட கரோலினாவில் ஒரு சின்ன ஊரில் வாடகைக்கு இருக்கிறோம். சுற்றிலும் சோயா வயல், கோழிப்பண்ணை. எங்கள் கவுன்டியே (மாவட்டம் போன்ற பிரிவு) கிராமப்புறம்தான் என்பதால், யுஎஸ்டிஏ எனப்படும் அமெரிக்க விவசாயத் துறை உத்தரவாதம் தரும் வீட்டுக் கடன் கட்டாயம் கிடைக்கும் என்று கணவரோடு வேலை பார்ப்பவர் சொல்கிறார். எங்கள் இருவருக்கும் கிரீன் கார்டு இருக்கிறது, இரண்டு பேருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1,05,000 டாலர் வருகிறது. இரண்டு பிள்ளைகள். எச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கும் என் தம்பியும் எங்களோடுதான் இருக்கிறான், அவனுக்கு 80,000 டாலர் சம்பளம். முன்பணம் கட்டக் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. விண்ணப்பிக்கலாமா?
– வாசகி, வட கரோலினா

பதில்: தாராளமாக விண்ணப்பிக்கலாம், ஆனால் கவுன்டியை நம்பி வீடு பார்க்கக் கிளம்பாதீர்கள். எந்த இடம் தகுதி பெறும் என்பதில் கவுன்டி கணக்கே கிடையாது, நீங்கள் இப்போது குடியிருக்கும் இடமும் கணக்கில் வராது. வாங்கப்போகும் வீட்டின் முகவரியைத்தான் பார்ப்பார்கள். பொதுவாக 10,000 பேருக்கு மேல் இல்லாத கிராமச் சாயலுள்ள ஊர்கள் தகுதி பெறும். பெருநகர வட்டாரத்துக்கு வெளியே, கடன் எளிதில் கிடைக்காத இடமென்றால் 20,000 வரை போகும். முன்பே தகுதி பெற்றிருந்த சில ஊர்களுக்கு 35,000 வரை விட்டுவைத்திருக்கிறார்கள். அதனால் உங்கள் கவுன்டியின் பெரிய டவுனுக்குள் இருக்கும் வீட்டுக்குக் கிடைக்காமல், நாலு மைல் தள்ளி இருப்பதற்குக் கிடைக்கலாம். யுஎஸ்டிஏ தளத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது, பிடித்த வீட்டின் முகவரியை அதில் போட்டுப் பாருங்கள். அதில் நிறம் பூசியிருக்கும் பகுதிதான் தகுதி இல்லாதது. பலர் இதை நேர்மாறாகப் புரிந்துகொண்டு நல்ல வீட்டைக் கைவிடுகிறார்கள்.

சரி, உங்கள் விஷயத்தில் எனக்கு உண்மையில் கவலை தருவது தம்பியின் சம்பளம். எச்1பியில் இருப்பதால் அவர் இந்தக் கடனுக்கு விண்ணப்பிக்க முடியாது, பொதுவாகக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். ஆனால் கடனில் கையெழுத்துப் போடாவிட்டாலும், அந்த வீட்டில் குடியிருக்கப்போகும் பெரியவர்கள் எல்லாருடைய வருமானத்தையும் சேர்த்துத்தான் வரம்பு பார்ப்பார்கள். 2025 கணக்குப்படி பெரும்பாலான கவுன்டிகளில் 1 முதல் 4 பேர் உள்ள குடும்பத்துக்கு 1,19,850 டாலர், 5 முதல் 8 பேருக்கு 1,58,250 டாலர். தம்பியையும் சேர்த்தால் நீங்கள் ஐந்து பேர், வருமானம் 1,85,000. வரம்பைத் தாண்டிவிடுகிறது. அவர் இல்லாமல் நாலு பேர் என்றால் 1,05,000, வரம்புக்குள் வந்துவிடுகிறீர்கள்.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. கடன் கொடுத்த நிறுவனத்தில் எங்கள் இருவருடைய சம்பளச் சீட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, எல்லாம் முடியும் நேரத்தில்தான் "வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்கள். கொழுந்தனின் வேலை விவரமெல்லாம் வாங்கி மறுபடி கணக்குப் போட்டு முடிப்பதற்குள் மூன்று வாரம் ஓடிப்போனது, பெட்டி கட்டி வைத்த வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அதனால் முதல் நாளே நீங்களாகவே சொல்லிவிடுங்கள். தம்பி நிஜமாகவே தனியாகப் போகிறார் என்றால் சரி, காகிதத்தில் மட்டும் வேறு முகவரி காட்டும் வேலை வேண்டவே வேண்டாம். அது மத்திய அரசிடம் சொல்லும் பொய், கிரீன் கார்டில் இருப்பவர்களுக்குப் பின்னாளில் குடியுரிமை கேட்கும்போதுகூட இடிக்கும்.

முன்பணம் ஒரு டாலர்கூடத் தேவையில்லை என்பது உண்மைதான். பணம் கொடுப்பது வங்கி, நஷ்டம் வந்தால் 90 சதவீதம் வரை அரசு பொறுப்பேற்கும். அதற்குக் கட்டணம் உண்டு. தொடக்கத்தில் 1 சதவீதம், அப்புறம் ஆண்டுக்கு 0.35 சதவீதம். 2,80,000 டாலர் கடனென்றால் முதலில் 2,800, அதைக் கடனோடு சேர்த்துவிடலாம். மாதத் தவணையில் ஏறக்குறைய 80 டாலர் கூடும். வட்டி 30 வருடமும் மாறாது. வரி, காப்பீடு உட்பட வீட்டுச் செலவு, கார் கடன், கிரெடிட் கார்டு எல்லாம் சேர்த்து மாத வருமானத்தில் 41 சதவீதம் என்பது பொதுவான அளவு. கார் தவணை ஏதாவது முடியும் தறுவாயில் இருந்தால் முதலில் அதை முடித்துவிடுங்கள்.

வீட்டோடு நிலம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் தவறில்லை, வெண்டை, கத்தரி என்று வீட்டுக்குப் போட்டுக்கொள்ளலாம். வருமானத்துக்காக நடத்தும் பண்ணையை மட்டும் இந்தக் கடனில் வாங்க முடியாது. அந்தப் பக்கத்து வீடுகளில் கிணற்றுத் தண்ணீரும் செப்டிக் தொட்டியும்தான் அதிகம், தண்ணீரைப் பரிசோதித்த சான்று கேட்பார்கள். வங்கி சம்மதித்த பிறகு கோப்பு யுஎஸ்டிஏ அலுவலகத்துக்கும் ஒருமுறை போய்வர வேண்டும், நிதி ஒதுக்கீடு இல்லாமல் அரசாங்கம் முடங்கினால் அங்கேயே நின்றுவிடும். விற்பவரோடு ஒப்பந்தம் போடும்போது இந்த நாட்களையும் சேர்த்தே தேதி கேளுங்கள்.