ஐந்து நாளில் பான்ஃபும் ஜாஸ்பரும்: வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கு

டொராண்டோவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு 71 வயது. அம்மாவுக்கு 66, முழங்கால் வலியும் உண்டு. மகனுக்கு ஆறு வயது. ஜூலை கடைசியில் கால்கரி வரை விமானம், அங்கே ஒரு கார் எடுத்து ஐந்து நாளில் மேற்குக் கனடாவின் ராக்கி மலைகளில் இருக்கிற பான்ஃப், ஜாஸ்பர் இரண்டு தேசியப் பூங்காக்களையும் பார்த்துவிட வேண்டும். கூடவே ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார்: ஒன்பது ஏரி, நான்கு அருவி, ஒரு பனியாறு. இது முடியுமா, பனியாற்றின் மேல் நாமே நடக்கலாமா (நண்பர் ஒருவர் அப்படி நின்று படம் எடுத்தாராம்), உயரத்தில் அப்பாவுக்கு மூச்சு வாங்குமா, கரடி வந்தால் என்ன செய்வது, அம்மா சேலையோடு வரலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

முதலில் அந்தப் பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள். ஏரிகள் மோசம் என்று சொல்லவில்லை, ஒவ்வொன்றும் அழகுதான். ஆனால் ஒவ்வொரு ஏரிக்கும் காரை நிறுத்த இடம் தேடி, அம்மாவை இறக்கி, நடக்க வைத்து, திரும்ப ஏற்றி என்று போனால் மூன்றாவது ஏரியிலேயே "நீங்க போயிட்டு வாங்க, நான் கார்லயே இருக்கேன்" என்று அம்மா சொல்லிவிடுவார். இத்தனை பேரை அழைத்துப் போன அனுபவத்தில் சொல்கிறேன், இந்தப் பயணத்தின் உயிர் ஏரிகளைவிட அவற்றை இணைக்கும் சாலையில்தான் இருக்கிறது. லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை 230 கிலோமீட்டர் ஓடும் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே. அதை ஒரு தடவை கடந்துவிட்டு வேறு வழியாகத் திரும்பலாமா என்று யோசிக்காதீர்கள், போகும்போதும் வரும்போதும் அதிலேயே போங்கள்.

காரணம் எளிமையானது. மலையில் ஒரு நாள் முழுக்க மேகம் மூடிக் கிடக்கலாம், காட்டுத்தீப் புகை வந்து எதிர்மலையே தெரியாமல் போகலாம், ஜூலை கடைசி புகைக்காலமும்கூட. ஒரே தடவை போகிறவருக்கு அன்றைக்கு அதிர்ஷ்டம் இல்லை என்றால் அவ்வளவுதான், இரண்டு தடவை போகிறவருக்கு இன்னொரு வாய்ப்பு கையில் இருக்கிறது. அப்புறம் வெளிச்சம். இந்தச் சாலையில் பெரிய பனிச்சிகரங்கள் பெரும்பாலும் மேற்குப் பக்கம் நிற்பதால், காலை வெயில்தான் அவற்றின் முகத்தில் விழும். போகிற அன்று காலை தெற்குப் பாதியை மட்டும் நிதானமாகப் பாருங்கள்: போ ஏரி, பெய்ட்டோ ஏரி. மதியத்துக்குமேல் எங்கும் ஓடாமல் ஜாஸ்பர் போய்ச் சேருங்கள். திரும்புகிற அன்று காலை ஏழு மணிக்கெல்லாம் ஜாஸ்பரிலிருந்து கிளம்பினால், 100 கிலோமீட்டரில் அதபாஸ்கா பனியாறு, கூட்டம் வருவதற்குள் அங்கே இருக்கலாம்.

ஆக, முதல் இரண்டு இரவு பான்ஃப் அல்லது அதன் பக்கத்து ஊரான கான்மோர், அடுத்த இரண்டு இரவு ஜாஸ்பர், கடைசி நாள் ஜாஸ்பரிலிருந்து நேரே கால்கரி. அந்தக் கடைசி நாள் 400 கிலோமீட்டருக்கு மேல் வரும், நிற்காமல் ஓட்டினாலே ஐந்து மணி நேரம், அதனால் ஊருக்குத் திரும்பும் விமானத்தை இரவு நேரத்திலோ மறுநாளோ போடுங்கள். ஜாஸ்பரில் அறையை இப்போதே பிடித்துவிடுங்கள். 2024 ஜூலைத் தீயில் அந்த ஊரின் கட்டடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எரிந்துபோனது. போகும் வழியில் கருகி நிற்கிற மரங்களைப் பார்த்து மகன் கேட்பான், சொல்லிக்கொடுங்கள்.

லேக் லூயிஸுக்கும் மொரெய்ன் ஏரிக்கும் காரில் போக நினைக்காதீர்கள். மொரெய்ன் ஏரிச் சாலையில் 2023 முதல் சொந்த வண்டிக்கு அனுமதி கிடையாது. லேக் லூயிஸில் அனுமதி உண்டு, ஆனால் வண்டி நிறுத்துமிடம் விடிகாலையிலேயே நிரம்பிவிடும். தேசியப் பூங்காக்களை நடத்துகிற அரசு அமைப்பான பார்க்ஸ் கனடாவின் ஷட்டில் பஸ்ஸை முன்பதிவு செய்யுங்கள், ஒரே சீட்டில் இரண்டு ஏரிக்கும் போய்வரலாம். வசந்தத்தில் முன்பதிவு திறக்கும்போது கிடைக்கவில்லையா, கவலை வேண்டாம். பெரும்பகுதி இருக்கைகளை இரண்டு நாள் முன்பு, அந்த ஊர் நேரப்படி காலை எட்டு மணிக்குத்தான் விடுகிறார்கள். டொராண்டோவில் அப்போது பத்து மணி. பூங்கா நுழைவுக் கட்டணத்தைப் பற்றி: 2025 கோடையில் அதை வாங்கவே இல்லை, நீங்கள் போகிற வருடம் என்ன நிலை என்று அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பனியாறு. உங்கள் நண்பர் மேலே நின்று படம் எடுத்திருக்கலாம். நீங்கள் வழிகாட்டி இல்லாமல் ஓர் அடிகூட வைக்காதீர்கள், மகனைக் கூட்டிக்கொண்டு நிச்சயமாகக் கூடாது.

அதபாஸ்கா பனியாறு தூரத்திலிருந்து அழுக்கு வெள்ளைச் சாய்தளம் மாதிரிதான் தெரியும், ஏறினால் என்ன என்று தோன்றும். ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கிற பொருள். மேலே கொலம்பியா பனிவெளியிலிருந்து சுமார் ஆறு கிலோமீட்டர் நீளத்துக்கு மெல்ல மெல்ல இறங்கி வருகிறது. அடியில் பாறை படிக்கட்டு மாதிரி இருக்கிற இடங்களில் பனி வளைய முடியாமல் வெடிக்கிறது, அந்த வெடிப்புகள் ஆழமானவை. புதுப்பனி விழுந்து மேலே மெல்லிய கூரை போட்டுவிட்டால் கண்ணுக்கே தெரியாது. உள்ளே விழுந்தவர் கீழே போகப் போகக் குறுகுகிற இடுக்கில் ஆப்பு அடித்தாற்போல் மாட்டிக்கொள்கிறார். உடம்புச் சூடு பக்கத்துப் பனியை உருக்க, இன்னும் கீழே நழுவுகிறார். மீட்பவர்கள் வந்து சேர்வதற்குள் குளிர் ஆளை முடித்துவிடுகிறது. இப்படி அங்கே இறந்தவர்களில் சிறுவர்களும் உண்டு. கயிறு கட்டி எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பது அதனால்தான். அந்தக் கயிற்றைத் தாண்டி நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிசைகிறது.

பனியைத் தொட்டே ஆக வேண்டும் என்றால் பெரிய சக்கரம் வைத்த ஐஸ் எக்ஸ்ப்ளோரர் பஸ் இருக்கிறது, சோதித்து வைத்த இடத்தில் இறக்கிவிடுவார்கள், அப்பா அம்மாவுக்கு அதுதான் சரி. அதோடு கண்ணாடித் தரைப் பாலத்துக்கும் சேர்த்துச் சீட்டு விற்பார்கள், என்னைக் கேட்டால் அந்த நேரத்தைப் பனியாற்றின் நுனிக்குப் போகும் நடைபாதைக்குக் கொடுங்கள். குறுகிய பாதைதான், ஆனால் சரளைக்கல் ஏற்றம், அம்மாவுக்கு முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் கீழேயே ஒரு கல்லில் உட்காரட்டும், அங்கிருந்தும் பனியாறு தெரியும்.

அந்தப் பாதையில் வழியெங்கும் ஆண்டு எழுதிய பலகைகள் நிற்கும். பனியின் நுனி அந்த வருடம் அதுவரைக்கும் இருந்தது என்று அர்த்தம். உங்கள் அப்பா பிறந்த காலம், நீங்கள் பிறந்த காலம், மகன் பிறந்த காலம் எல்லாம் அந்த ஏற்றத்தில் வரிசையாகக் கிடக்கின்றன. நூற்றைம்பது வருடத்துக்குள் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருக்கிறது. ஒரு காலத்தில் இப்போது நெடுஞ்சாலை ஓடுகிற இடம் வரை பனிதான். ஓரிடத்தில் குனிந்து பாறையைத் தடவிப் பாருங்கள், மகன் கையையும் பிடித்து வையுங்கள். சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறையில் அரத்தால் ராவினது மாதிரி நீள நீளக் கோடுகள், எல்லாம் ஒரே திசையில். பனி தன் அடியில் கற்களைக் கவ்விக்கொண்டு நகர்ந்தபோது போட்ட கோடுகள் அவை.

அங்கே அரைபட்ட கல்தூள்தான் ஏரிகளின் நிறத்துக்கும் காரணம். ஆட்டுக்கல்லில் அரைத்த மாவைவிட நைசான அந்தத் தூள் உருகுநீரோடு வந்து, அடியில் படியாமல் ஏரியிலேயே மிதக்கிறது, வெயில் பட்டதும் நீலமும் பச்சையும் கலந்த ஒளியைத் திருப்பி அடிக்கிறது. ஜூன் தொடக்கத்தில் போனவர்கள் "படத்தில் பார்த்த நிறம் இல்லையே" என்று சொல்வது உருகுநீர் போதுமான அளவு வந்து சேராததால். ஜூலை கடைசியில் அந்தக் குறை இருக்காது.

உயரத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அந்தச் சாலையின் மிக உயர்ந்த இடமே சுமார் 2,070 மீட்டர்தான், ஊட்டி 2,240 மீட்டர். அப்பாவுக்கு ஊட்டி ஒத்துக்கொண்டதென்றால் இதுவும் ஒத்துக்கொள்ளும். இதயம், நுரையீரல் சம்பந்தப்பட்ட மருந்து எடுக்கிறார் என்றால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. மருத்துவமனை பான்ஃபில் ஒன்று, ஜாஸ்பரில் ஒன்று, நடுவில் அந்தச் சாலை நெடுகக் கிடையாது. கைப்பேசி சிக்னலும் பெரும்பாலான தூரத்துக்கு இருக்காது. மாத்திரை, காப்பீட்டுத் தாள் எல்லாம் டிக்கியில் போகாமல் கைப்பையில் இருக்கட்டும், வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். பெட்ரோலும் நடுவில் சாஸ்கச்சுவான் ரிவர் கிராசிங் ஒன்றில்தான், விலையும் கூட, டாங்கை நிரப்பிக்கொண்டே ஏறுங்கள்.

கரடி விஷயம். ஜூலை கடைசியில் பஃபலோபெர்ரி பழுக்கிற நேரம், ஒரு கிரிஸ்லி கரடி நாளைக்கு இரண்டு லட்சம் பழம் வரைக்கும் தின்னும், அது முழுக்கத் தீனியில்தான் இருக்கும். சாலையோரம் புதருக்குள் முதுகு மட்டும் தெரிகிறது என்றால் வண்டியை மெதுவாக்குங்கள், இறங்காதீர்கள், ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். நாலு கார் நின்றால் நாற்பது கார் நிற்கும், மனிதரைக் கண்டு விலகாமல் பழகிப்போகிற கரடி கடைசியில் வண்டியில் அடிபட்டுச் சாகவும் நேரலாம். நடக்கும்போது கரடி, ஓநாயிடமிருந்து 100 மீட்டர், எல்க், மூஸ் என்கிற பெரிய மான்கள், மலையாடு இவற்றிடமிருந்து 30 மீட்டர். பத்து பஸ் நீளம், மூன்று பஸ் நீளம் என்று மகனுக்குச் சொல்லிவையுங்கள். ஊருக்குள் புல் மேய்ந்துகொண்டு நிற்கிற எல்க்கைப் பசு மாதிரி நினைத்துக் கிட்டே போகிறார்கள் நம் ஆட்கள், அது வேண்டாம்.

பாதையில் கரடி எதிரே வந்துவிட்டால் ஓடக் கூடாது. ஓடினால் துரத்தும். மகனைத் தூக்கிக்கொண்டு, எல்லோரும் ஒட்டி நின்று, தணிந்த குரலில் பேசிக்கொண்டே பின்னால் நகருங்கள். கரடி ஸ்ப்ரேயை விமானத்தில் எடுத்துப்போக முடியாது, கான்மோரிலோ பான்ஃபிலோ வாங்கிக்கொள்ளுங்கள். கொசு மருந்து மாதிரி உடம்பில் அடித்துக்கொள்கிற பொருள் இல்லை அது, பாய்ந்து வருகிற கரடியின் முகத்துக்கு நேரே, சில மீட்டர் தூரத்தில் அடிப்பது. பைக்குள் வைத்தால் பயனில்லை, இடுப்பில் மாட்டுங்கள். வெயிலில் நிற்கிற காரில் விட்டுவிட்டும் போகாதீர்கள்.

சாப்பாட்டுக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவது நல்ல யோசனை, அந்தச் சாலையில் சைவத்துக்கு வழி குறைவு. ஆனால் சாப்பிட்ட இடத்தில் ஒரு பருக்கைகூட இருக்கக் கூடாது, டப்பாவை மேசையில் வைத்துவிட்டுப் படம் எடுக்கப் போகக் கூடாது. மனிதச் சாப்பாட்டு ருசி கண்ட கரடியைப் பூங்காக்காரர்கள் பல நேரம் கொன்றுவிட வேண்டியிருக்கிறது.

கடைசியாக, அம்மாவின் சேலை. ஏரிகளுக்கும் ஷட்டிலுக்கும் தாராளமாகக் கட்டிக்கொண்டு வரட்டும். பனியாற்றுக்குப் போகிற அன்று மட்டும் வேண்டாம் என்று நீங்களே பேசிப் பாருங்கள். பனிமேலிருந்து கீழ்நோக்கி ஒரு காற்று விடாமல் இறங்கிக்கொண்டே இருக்கும், ஜூலையிலும் காது மடல் வலிக்கும், முந்தானையைப் பிடிக்க ஒரு கை போனால் சரளைக்கல்லில் ஊன்ற ஒரு கைதான் மிஞ்சும். சுடிதார், உள்ளே கம்பளி பனியன், மேலே காற்றுப் புகாத ஜாக்கெட், காதை மூடுகிற குல்லா, செருப்புக்குப் பதில் அடி வழுக்காத ஷூ. கைக்கு ஒரு நடைக்கோலும் வாங்கிக் கொடுங்கள், இறக்கத்தில் முழங்காலுக்கு அது பெரிய துணை.