கூரியரில் வரும் மருந்து – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். வயது 24. திருநம்பி, அதாவது பெண் என்று வளர்க்கப்பட்ட ஆண். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஒரு தனியார் ஆன்லைன் சேவையில் டாக்டர் வீடியோவில் பேசி டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் ஊசி எழுதித் தருகிறாராம், மருந்து கூரியரில் வந்துவிடுமாம். இங்கே மருந்துக்கடைக்காரர் அப்பாவின் நண்பர். கோவைக்குப் போய்வந்தால் ஒருநாள் சம்பளம் போய்விடும். ஆனாலும் போனில் வாங்குவது திருட்டுத்தனம் மாதிரி உறுத்துகிறது. செய்யலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

இதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. பதிவுபெற்ற டாக்டர் வீடியோவில் பார்த்து மருந்து எழுதுவதற்கு 2020 மார்ச்சிலேயே மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறை கொண்டுவந்துவிட்டது. எல்லா மருந்தையும் அப்படி எழுத முடியாது. முதல் தடவை நேரில் வாருங்கள் என்று டாக்டர் சொன்னால் போய்வாருங்கள், அந்த ஒருநாள் சம்பளம் போனால் போகட்டும். சீட்டில் அவர் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். டெஸ்டோஸ்டிரோன் ஷெட்யூல் எச் மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. சீட்டே கேட்காமல் அனுப்புகிறவரிடம் வாங்காதீர்கள்.

என் கவலை ரத்தத்தைப் பற்றித்தான். இந்த ஊசி சிவப்பணுக்களைக் கூட்டும். மலையில் காற்று மெலிந்திருப்பதால், நமக்குச் சமவெளிக்காரர்களைவிட ஏற்கெனவே ஹீமோகுளோபின் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஹிமாட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 54 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் கெட்டியாகிறது என்று அர்த்தம். டாக்டர் அளவைக் குறைப்பார் அல்லது கொஞ்ச நாள் நிறுத்துவார். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கூரியரில் மருந்து வரும், இந்தக் கணக்கு வராது. சிபிசி (ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) என்று கேட்டால் சின்ன லேபில்கூட எடுப்பார்கள். ரத்தசோகைக்குப் பார்ப்பதும் அதே பரிசோதனைதான் என்பதால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். ரிப்போர்ட்டே கேட்காமல் அடுத்த சீட்டு எழுதித் தருகிற சேவை என்றால் அதை விட்டுவிடுங்கள்.

போன ஜனவரியில் திருநம்பி நண்பர் ஒருவர் குன்னூரில் என் வீட்டில் தங்கியிருந்தார். காலையில் மருந்துக் குப்பியை எடுத்துப் பார்த்தால் அடியில் சர்க்கரை மாதிரி படிந்திருந்தது. கெட்டுப்போய்விட்டது என்று நான் பதறினேன். எண்ணெயில் கரைத்த மருந்து அக்கா, குளிருக்கு இப்படி உறையும் என்றார். குப்பியை உள்ளங்கையில் பொத்தி உருட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டது. தொடையில் ஊசி போட ஒரு நர்ஸ் அவருக்கு நேரில் சொல்லிக்கொடுத்திருந்தார். அதை நீங்களும் நேரில்தான் கற்றுக்கொள்ள வேண்டும், வீடியோ போதாது.

அப்புறம் வீடு. பார்சலை மறைத்துவிடலாம். சில மாதத்தில் குரல் இறங்க ஆரம்பிக்கும், அதை என்ன செய்வீர்கள்? மருந்தை நிறுத்தினால் மாதவிடாய் திரும்ப வரும். இறங்கிய குரல் திரும்பாது. அதே நண்பர் ஜலதோஷம் என்று இரண்டு மாதம் சொல்லிப் பார்த்திருக்கிறார். அவர் அம்மா தினமும் மிளகு ரசம் வைத்துக் கொடுத்திருக்கிறார். மூன்றாவது மாதம் ரசத்தை ஊற்றிக்கொண்டே, “இது சளி இல்லைன்னு எனக்குத் தெரியும், சொல்லு” என்றாராம். எல்லா அம்மாவும் அப்படிக் கேட்க மாட்டார்கள், தெரியும். அதனால் முதல் ஊசிக்கு முன்னாலேயே வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். சித்தியோ அண்ணனோ, யாராவது. திருநம்பி என்பதையே மாற்றிவிடலாம் என்று உங்களை ஒரு டாக்டரிடம் இழுத்துப் போனார்கள் என்றால், அப்படிப்பட்ட சிகிச்சையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தடுத்திருப்பதைச் சொல்லுங்கள்.

சேவைக்கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இதற்கென்றே தனி கிளினிக் இருக்கிறது. தூரம்தான்.

லேபுக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் குன்னூருக்கு வாருங்கள். நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
அக்கா