லட்சத்தீவில் வேலையின்மை 11.9 சதவீதம், தமிழ்நாட்டில் 3.5தான். ஆனால் எங்கள் செட்டிநாட்டு ஊர்களில் இத்தனை பேர் சும்மா இருக்கிறார்களே, எப்படி?

சும்மா இருப்பது வேறு, கணக்கில் ‘வேலையில்லாதவர்’ ஆவது வேறு. வேலை இல்லை, ஆனால் தேடுகிறார் அல்லது கிடைத்தால் போகத் தயார் என்றால்தான் அந்தப் பட்டியலில் சேருவார். தேடவும் இல்லை, தயாரும் இல்லை என்றால் வகுபடும் எண்ணிலும் வரமாட்டார், வகுக்கும் எண்ணிலும் வரமாட்டார்.

நீங்கள் சொல்லும் எண்கள் மத்திய அரசின் 2023-24 காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் வந்தவை. கானாடுகாத்தான் பக்கம் ஒரு ஊரில் 15 வயது நிரம்பியவர் 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 55 பேருக்கு வேலை, 2 பேர் தேடுகிறார்கள், 43 பேர் இரண்டிலும் இல்லை. வேலை உள்ளவரும் தேடுபவரும் சேர்ந்த 57-ல் 2 என்றால் 3.5 சதவீதம். அந்த 43-ல் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் 5 பேர், ‘படிக்கிறேன்’ என்னாமல் ‘கிடைத்தால் நாளைக்கே போவேன்’ என்று சொல்லிவிட்டால் 62-ல் 7, அதாவது 11.3. ஊர் அப்படியேதான் இருக்கிறது.

43 பேர் யார் என்பதுதான் உங்கள் கேள்விக்கு விடை. கணக்கெடுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீடு உண்டு: மாணவர் 91, வீட்டு வேலை மட்டும் 92, வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, வீட்டுத் தேவைக்குத் தைப்பது, முடைவது 93, வாடகை, ஓய்வூதியம், வெளியூர்ப் பணத்தில் இருப்பவர் 94, உடல் முடியாதவர் 95. செட்டிநாட்டில் இந்த 94 கொஞ்சம் கனமானது. வீட்டுக்கு மட்டும் பனையோலைக் கொட்டான் முடைந்தால் 93. அதையே விற்றால் சுயதொழில், 11.

55-ஐயும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஆண்டின் பெரும்பகுதி வீட்டிலிருந்தாலும், 30 நாளோ அதற்கு மேலோ துணைத்தொழிலாக ஏதாவது செய்தவர் ஓராண்டுக் கணக்கில் வேலை உள்ளவர். ஊராட்சி வேலைக்கு 35 நாள் போன ஆச்சியும் ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வருஷம் முழுக்க நிற்பவரும் ஒரே கூடையில். வாரக் கணக்கு இன்னும் தாராளம்: ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் போதும். 2025-லிருந்து மாதாமாதம் வரும் எண் இந்த வாரக் கணக்கு. அதை மேலே சொன்ன 3.5 என்ற ஓராண்டுக் கணக்குடன் ஒப்பிடாதீர்கள்.

இனி லட்சத்தீவு. மக்கள் வசிப்பது 10 தீவில். 2011-ல் 64,473 பேர். எழுத்தறிவு 90 சதவீதத்துக்கு மேல், நிலம் 32 சதுர கிலோமீட்டர். தென்னை, சூரை மீன், அதற்கு அப்புறம் அரசு உத்தியோகம். மழைக்காலத்தில் கடலுக்குப் போவதும் குறைந்துவிடும். படித்தவர் அரசுப் பணிக்குக் காத்திருக்கிறார். கொச்சிக்குக் கப்பலில் பொதுவாக 14 மணி நேரமாவது ஆகும் என்பதால் தீவிலேயே காத்திருந்து கணக்கில் விழுகிறார். காரைக்குடிப் பையன் பல்லவன் ரயில் ஏறிச் சென்னைக்குப் போய்விடுகிறான். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அவன் ஊர் வீட்டின் உறுப்பினரே இல்லை. சிங்கப்பூர் போனவரும் அப்படித்தான். பூட்டிய வீட்டுக்குக் கணக்கே கிடையாது. நம் ஊர் எண் குறைவாக இருப்பதில் பாதி, ஆள் கிளம்பிப் போனதன் பலன் என்பது என் கணிப்பு. தீவில் மாதிரிக்கு எடுக்கும் வீடுகள் குறைவு என்பதால் அங்கே எண் ஆண்டுக்கு ஆண்டு தாவும்; அரைப் புள்ளி வித்தியாசத்துக்குக் காரணம் தேடி அலைய வேண்டாம்.

உங்கள் ஊராட்சியில் நீங்களே எடுத்துப் பார்ப்பதானால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை வைத்து ஆரம்பிக்காதீர்கள். வேலையில் இருப்பவரும் மூன்றாண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே இருப்பார்கள். வீடு வீடாகப் போய் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேளுங்கள்: போன வாரம் என்ன செய்தீர்கள், வருஷத்தில் எத்தனை நாள் சம்பாதித்தீர்கள், பக்கத்தில் வேலை கிடைத்தால் போவீர்களா. மூன்றாவது கேள்வியைப் பெண்களிடம் நேராகக் கேட்க வேண்டும். வீட்டு ஆண்பிள்ளையிடம் கேட்டால் ‘அவ வீட்டுலதான் இருக்கா’ என்று முடித்துவிடுவார், நீங்களும் 92 என்று எழுதிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவீர்கள்.