ஸ்டார்ட்.எல்ஃப் அழித்தபின் பச்சை விளக்கு நான்கு முறை மினுக்குவது பற்றி

சார், பலகை கெடவில்லை, பயப்படாதீர்கள். ஏற்காடு பள்ளியின் ராஸ்பெர்ரி பை 3 என்ற சின்னக் கணினிப் பலகையில் மூடிய மென்பொருளே (மூலநிரல் வெளியிடாதது) இருக்கக்கூடாது என்று, அதைத் தொடங்கி வைக்கும் ஸ்டார்ட்.எல்ஃப் கோப்பை அழித்தீர்கள் இல்லையா, அது கிடைக்கவில்லை என்பதைத்தான் அந்த நான்கு மினுக்கல் சொல்கிறது. இதில் கரண்ட் வந்ததும் முதலில் ஓடுவது முக்கியச் செயலியான ஆர்ம் இல்லை, சிப்பின் கிராபிக்ஸ் பகுதி, அது பூட்கோட்.பின், ஸ்டார்ட்.எல்ஃப் என்ற இரண்டு தொடக்கக் கோப்புகளையும் மெமரி கார்டிலிருந்து படித்து, ரேமைத் தயார் செய்து, அப்புறம்தான் இயங்குதளத்தின் மையமான கெர்னலை ஏற்றி ஆர்மை எழுப்பும். அந்த இரண்டு கோப்புக்கும் மூலநிரல் தரப்படவில்லை. 2014-ல் சிப் தயாரிக்கும் பிராட்காம் கொடுத்தது கிராபிக்ஸ் டிரைவரின் மூலநிரல், நல்ல காரியம்தான், ஆனால் பலகையைத் தொடங்க (பூட் செய்ய) அது உதவாது.

இதற்காகச் சேலம் இறங்க வேண்டாம். கார்டை வேறு கணினியில் செருகி, ஸ்டார்ட்.எல்ஃபையும் அதன் ஜோடிக் கோப்பான ஃபிக்ஸப்.டாட்டையும் ஒரே பதிப்பாகப் போடுங்கள். எது மூடியது என்று பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள், தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. அடுத்து வாங்கினால் பீகிள்போன் பிளாக் என்ற பலகையைப் பாருங்கள். சிப்பில் பதிந்த சின்ன நிரல் போக, அதை பூட் ஆக்கும் யூ-பூட் என்ற நிரலுக்கு மூலநிரல் கிடைக்கும்.