தன்னார்வலர்களே நடத்தும் காப்பகத்தால் தெருவில் வாழும் பிள்ளைகளின் வாழ்க்கை உண்மையில் மாறுமா? வார இறுதியில் மட்டும் வரக்கூடியவரால் அங்கே பயன் உண்டா?

மாறும். அப்படிப்பட்ட ஒரு காப்பகத்தில் சில ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருந்து வருகிறேன். மாறியதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த மாற்றத்தைக் கொண்டுவருவது கட்டிடமோ படுக்கையோ அல்ல, சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு மறுபடியும் வந்து நிற்கிற பெரியவர்கள்தாம் என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

தெருவில் வாழும் பிள்ளையை நாம் பெரும்பாலும் ஒன்றும் இல்லாதவனாகவே கற்பனை செய்துகொள்கிறோம். உண்மையில் அவனுக்கு அங்கே ஒரு வருமானம், ஒரு கூட்டாளிக் கூட்டம், யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஒரு சுதந்திரம் எல்லாம் இருக்கின்றன. அவற்றோடு அடியும் பசியும் பாலியல் சுரண்டலும் இருக்கின்றன. இவ்வளவையும் தன் சொந்தச் சாமர்த்தியத்தால் தாக்குப்பிடித்த ஒருவனிடம், "உன்னைக் காப்பாற்ற வந்திருக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டு போனால் அவன் நம்பமாட்டான், நம்பவும் தேவையில்லை. ஆகவே வேலை காப்பகத்தின் வாசலில் தொடங்குவதில்லை. பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கே வாரந்தோறும் போய், புண்ணுக்கு மருந்திட்டு, பேச விரும்பினால் பேசி, விரும்பாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருந்து திரும்ப வேண்டும். முதல் மாதங்களில் அவர்கள் சொல்லும் பெயரும் ஊரும் அடிக்கடி மாறும். அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. யாரிடம் எதைச் சொன்னால் ஆபத்து என்று பட்டறிந்தவர்களின் எச்சரிக்கை அது.

காப்பகத்துக்குள் வந்த பிறகும் பல பிள்ளைகள் உணவைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பார்கள். இரவில் சிறு சத்தத்துக்கும் விழித்துக்கொள்வார்கள். பசை, பெயின்டைக் கரைக்கும் தின்னர் போன்றவற்றைப் போதைக்காக முகர்ந்து பழகியவர்களுக்கு எரிச்சலும் தலைவலியும் தூக்கமின்மையும் சேர்ந்து வரும். அந்தப் பொருள்கள் பசியையும் குளிரையும் மறக்கடிப்பதாலேயே அவர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதைப் புரிந்துகொள்ளாமல் தண்டிப்பதால் ஒரு பயனும் இல்லை. இதற்கு மருத்துவரின் துணை கட்டாயம் வேண்டும்.

ஒரு பிள்ளை திடீரென்று ஒருநாள் காணாமல் போய்விடுவதும் உண்டு. புதிய தன்னார்வலர்களை மிகவும் உடைத்துப்போடுவது இதுதான். அவன் திரும்பி வரும்போது கதவு திறந்திருக்கிறதா, கேள்விக் கணைகள் காத்திருக்கின்றனவா என்பதைப் பொறுத்தே அடுத்த கட்டம் அமைகிறது. ஐ.நா. குழந்தை உரிமைகள் குழு 2017-இல் வெளியிட்ட 21-ஆம் பொதுக் கருத்துரை, தெருவில் வாழும் பிள்ளைகளை மீட்கப்பட வேண்டிய பொருள்களாகப் பார்க்கும் அணுகுமுறையையும், குற்றவாளிகளாகப் பார்க்கும் அணுகுமுறையையும் ஒதுக்கிவிட்டு, அவர்களை உரிமை உள்ளவர்களாக நடத்தும்படி கேட்கிறது. அனுபவத்திலும் அதுவே சரியாக இருக்கிறது. காப்பகத்தின் விதிகளைப் பிள்ளைகளே கூட்டம் போட்டு வகுத்துக்கொண்டால், அவற்றை மீறுவதற்கு அவர்களே தயங்குகிறார்கள்.

வீடு திரும்புவது பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நல்லெண்ணம் அதிகம் வழுக்குவது இங்கேதான். முகவரி கிடைத்தவுடன் அனுப்பிவிடுவது எளிது. ஆனால் எந்த அடிக்குப் பயந்து ஓடிவந்தானோ அந்தக் கை இன்னும் அங்கேயே இருக்கலாம். எதிர்ப்பக்கத்தில், வீட்டில் வறுமை என்பதற்காகவே பிள்ளையைக் காப்பகத்தில் வைத்துக்கொள்வதும் தவறு: 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு (பெற்றோரிடம் இல்லாத பிள்ளைகளை வளர்ப்பது) வழிகாட்டுதல்கள், வறுமை மட்டுமே ஒரு பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கும் காரணமாக இருக்கக் கூடாது என்கின்றன. எனவே பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டு, குடும்பத்தைப் பலமுறை சந்தித்து, முதலில் தொலைபேசியிலும் பிறகு நேரிலும் பேசவைத்து, அனுப்பிய பிறகும் தொடர்ந்து விசாரிப்பதே முறை. இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. புகைப்படத்தில் காட்ட ஒன்றும் இருக்காது.

படிப்பிலும் அவசரம் கூடாது. பதினான்கு வயதுப் பையனைச் சின்னஞ்சிறு பிள்ளைகளோடு உட்காரவைத்தால் அவன் அவமானத்திலேயே வெளியேறிவிடுவான். விட்டுப்போன பாடங்களைக் கற்பித்துப் பள்ளியில் சேரத் தயார்செய்யும், அவன் வயதுக்கேற்ற இணைப்பு வகுப்பு தேவை. பிறப்புப் பதிவு முதலான ஆவணங்கள் இல்லாமல் பள்ளியும் மருத்துவமும் பிற்காலத்தில் வேலையும் தடைபடும் என்பதால், அலுவலகங்களுக்கு அலைவதும் காப்பக வேலையின் பெரும்பகுதியே.

இனித் தன்னார்வலர்கள் பற்றி. முழுக்க முழுக்கத் தன்னார்வலர்களை மட்டும் நம்பும் காப்பகத்தின் பலவீனம், ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பதுதான். ஏற்கெனவே பலரால் கைவிடப்பட்ட பிள்ளை, இங்கேயும் புதுப் புது முகங்களோடு ஒட்டிப் பிரிந்துகொண்டிருந்தால், ஒட்டுவதையே நிறுத்திக்கொள்கிறான். "அடுத்த வாரமும் வருவீங்களா அக்கா?" என்று என்னிடம் பல பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள்; அதற்கு உண்மையான பதில் மட்டுமே சொல்ல வேண்டும். இரவில் உடன் தங்கும் பராமரிப்பாளராவது ஊதியம் பெறும் நிலையான ஆளாக இருப்பது நல்லது. தன்னார்வலர்களின் பின்னணியைச் சரிபார்க்காத, மூடிய அறையில் ஒருவரைப் பிள்ளையோடு தனியே விடுகிற, பிள்ளைகளின் முகத்தைக் காட்டி நன்கொடை திரட்டுகிற காப்பகத்தில் தயவுசெய்து சேராதீர்கள்.

வார இறுதி மட்டுமே கிடைக்கிறது என்றால் அதுவே போதும். ஒரே நாள், ஒரே நேரம், குறைந்தது ஓராண்டு என்று உறுதி கொடுக்க முடியுமானால் ஒரு வகுப்பையோ விளையாட்டையோ ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த உறுதி கொடுக்க இயலாதென்றால் கணக்கு எழுதுதல், ஆவணங்களுக்கு விண்ணப்பித்தல், நிதி திரட்டுதல் ஆகியவற்றுக்கு ஆள் எப்போதும் பற்றாக்குறைதான், அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் விலக நேர்ந்தால், சில வாரங்களுக்கு முன்பே பிள்ளைகளிடம் நேரில் சொல்லி, அவர்களுடைய கோபத்தையும் கேட்டுவிட்டுப் போங்கள்.