டிக்கெட் அக்கா பதில்கள்: திரும்பி வர எத்தனை வாசல்?

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், மார்த்தாண்டம்): டிசம்பரில் புனித பூமி யாத்திரை போக நானும் மனைவியும் ஒரு குழுவில் பெயர் கொடுத்திருக்கிறோம். ஆளுக்கு 50,000 ரூபாய் முன்பணம் கட்டியாயிற்று. அம்மான், எருசலேம், பெத்லகேம், கடைசியில் கெய்ரோ. டி.வி.யைப் போட்டால் போர்ச் செய்தி. பெங்களூரில் இருக்கும் மகள் தினமும் போன் போட்டு 'போகவே கூடாது' என்கிறாள். மனைவியோ 'கண்ணு மூடுறதுக்குள்ள பெத்லகேமைப் பாத்துரணும்' என்கிறாள். நடுவில் நான். என்ன செய்ய?

பதில்: சார், டிசம்பருக்கு இன்னும் மாதங்கள் கிடக்கின்றன. இன்றைக்கே முடிவெடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? மீதிப் பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதி எது என்று டூர்காரரிடம் கேளுங்கள். அதுதான் உங்கள் முடிவுத் தேதி. அதுவரை மகளிடம் 'யோசிச்சிட்டு இருக்கேன் மக்களே' என்று சொல்லிக்கொண்டிருங்கள், பொய்யும் இல்லை.

தக்கலையில் இருபத்தெட்டு வருடம் டிக்கெட் போட்டுக் கொடுத்தவள் என்பதால் சொல்கிறேன். பயந்துபோய் நீங்களாக ரத்து செய்தால், எவ்வளவு பிடிப்பது என்பதை எதிராளி தீர்மானிப்பார். விமானக் கம்பெனியே ரத்து செய்தால், டிக்கெட் பணத்தை அவர்கள் திருப்பித் தர வேண்டும், அல்லது வேறு விமானத்தில் இடம் தர வேண்டும். செய்தி பார்த்த ராத்திரியே ரத்து செய்துவிட்டு, நாலாம் நாள் அதே விமானம் ரத்தானதைக் கேட்டு என் மேசை முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்கள் உண்டு. அந்த நாலு நாள் பொறுத்திருந்தால் முழுப் பணமும் வந்திருக்கும்.

டூர் என்னும்போது டிக்கெட்டோடு ஹோட்டல், பஸ், விசா எல்லாம் கலந்து கிடக்கும். எது திரும்ப வரும், எது வராது என்று பிரித்து எழுதி வாங்குங்கள். 'நம்ம ஆள்தான், பாத்துக்கலாம்' என்பது ரசீது ஆகாது. குரூப் டிக்கெட்டில் உங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தேதி மாற்றுவதும் லேசில் நடக்காது. போகிற வரை போய், கடைசியில் மட்டும் 'அடுத்த வருசம் வாறேன்' என்றால் எப்படி என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள்.

அடுத்தது வழி. ஓர் ஊருக்குப் போக எத்தனை வாசல் என்று எல்லோரும் பார்ப்பார்கள், நான் திரும்பி வர எத்தனை வாசல் என்று பார்ப்பேன். 2023 அக்டோபர் 7-ல் சண்டை மூண்டபோது நம் பக்கத்து யாத்திரைக்காரர்களும் அங்கே மாட்டிக்கொண்டார்கள். பெத்லகேமில் இருந்த சில குழுக்கள் தாபா எல்லை வழியாக எகிப்துக்குள் போய், கெய்ரோவில் விமானம் ஏறின. 2025 ஜூனில் இஸ்ரேல் வான்வழியை மூடியபோதும் ஜோர்டான், எகிப்து எல்லைகள் வழியாகத்தான் நம் ஆட்களைக் கொண்டு வந்தார்கள். உங்கள் பயணத் திட்டத்தில் ஒரு பக்கம் அம்மான், மறுபக்கம் கெய்ரோ இருக்கிறது. நேராக டெல் அவிவில் இறங்கி அங்கேயே ஏறுகிற டூரை விட இது எனக்குக் கொஞ்சம் தெம்பாகத் தெரிகிறது.

இன்சூரன்ஸ் போட்டாச்சே என்று நிம்மதி வேண்டாம். பெரும்பாலான பயணக் காப்பீட்டில் போர் என்றால் கையை விரித்துவிடுவார்கள். ஆனாலும் ஆஸ்பத்திரிச் செலவுக்காக எடுத்தே ஆக வேண்டும். சுகரோ பிரஷரோ இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். மாத்திரையைப் பயண நாளுக்கு மேல் இன்னும் பதினைந்து நாளைக்கு, கைப்பையில், டாக்டர் சீட்டோடு.

இதை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், 1990 ஆகஸ்ட் 2-ல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது என் வீட்டுக்காரர் அங்கே மெக்கானிக். ஆறு வாரம் தகவல் இல்லை. பிறகு பஸ்ஸில் ஈராக் வழியாக ஜோர்டான், பாலைவனத்தில் கூடாரம், அம்மானிலிருந்து ஏர் இந்தியா, பம்பாயிலிருந்து ரயில். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அப்படித்தான் வந்தார்கள். நாகர்கோவில் ஸ்டேஷனில் இறங்கியவர் கையில் பெட்டி இல்லை, ஒரு நிடோ பால்பவுடர் டப்பா. வழியெல்லாம் அதில் தண்ணீர் பிடித்து வைத்துக் குடித்திருக்கிறார். இப்போது அதில் உளுந்து போட்டு வைத்திருக்கிறேன்.

என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், மீதிப் பணம் கட்டும் தேதியன்று இந்தியத் தூதரகம் 'வர வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் போகாதீர்கள். அப்படிச் சொல்லவில்லை, உடம்பும் ஒத்துழைக்கிறது என்றால் வீட்டம்மாவைக் கூட்டிப் போங்கள். 2023-லும் 2024-லும் பெத்லகேமில் பொதுக் கிறிஸ்துமஸ் கொண்டாட்டமே இல்லை, 2025-ல்தான் மறுபடி மரத்தில் விளக்குப் போட்டார்கள். அங்கே கடை வைத்திருப்பவனுக்கும் உங்களைப் போன்றவர்கள் வந்தால்தான் அடுப்பு எரியும்.

கேள்வி (வாசகி, நாகர்கோவில்): கணவர் தோகாவில் வேலை பார்க்கிறார். பள்ளி விடுமுறைக்கு நானும் இரண்டு பிள்ளைகளும் போவதாக இருந்தோம். மலிவாக ஒரு டிக்கெட் கிடைக்கிறது, ஆனால் ரத்து செய்தால் பணம் வராதாம். எடுக்கலாமா அக்கா?

பதில்: மக்களே, 2025 ஜூன் 23 ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? கத்தார் சில மணி நேரம்தான் வான்வழியை மூடியது. அந்தச் சில மணி நேரத்தில் நடுவானத்தில் இருந்த விமானங்கள் எங்கெங்கோ திரும்பின. விடிவதற்குள் வழி திறந்துவிட்டது, குழப்பம் தீர நாள் பிடித்தது. அன்று ஒரே டிக்கெட்டில் போனவர்களைக் கம்பெனி எப்படியாவது கொண்டு சேர்த்தது. மலிவு என்று திருவனந்தபுரம் முதல் இன்னோர் ஊர் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து தோகாவுக்கு வேறு டிக்கெட் என்று துண்டு துண்டாக எடுத்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டுக்காரன் 'நீங்க வரல' என்று எழுதிவிட்டுப் போய்விடுவான். எனவே திருவனந்தபுரத்திலிருந்து நேர் விமானம், மூன்று பேருக்கும் ஒரே பி.என்.ஆர். கொஞ்சம் கூடுதலானாலும் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள்.

'பணம் வராது' என்ற டிக்கெட்டிலும் வரி, விமான நிலையக் கட்டணம் திரும்ப வரும். கேட்டால்தான் வரும். 2020 ஊரடங்கில் ஒரு கம்பெனி பணத்துக்குப் பதில் 'பிறகு பறந்துகொள்ளுங்கள்' என்று ஒரு கணக்கைக் காட்டியது. டிக்கெட் எடுத்தவர்கள் திட்டியது கம்பெனியை இல்லை, என்னை. அந்த அக்டோபர் 1-ல் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த பிறகு ஒவ்வொருவருக்காக வாங்கிக் கொடுத்து முடிப்பதற்குள் எனக்கு முடி நரைத்துவிட்டது. (ஏற்கெனவே பாதி நரைதான்.)

நீங்கள் போனால் மூன்று டிக்கெட் மாட்டும், அவர் வந்தால் ஒன்று. கணக்குப்படி அவர் வருவதுதான் சரி. ஆனால் அப்பா தூங்குகிற கட்டிலைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் அந்தக் கணக்கு எடுபடாது, எனக்குத் தெரியும்.

கேள்வி (குளச்சல்): டாலர் இன்னும் ஏறுமா? இப்பவே வாங்கி வைக்கலாமா?

பதில்: நான் விற்றது டிக்கெட் அண்ணாச்சி, ஜாதகம் இல்லை. பயணம் உறுதி என்றால் பாதியை இப்போதும் பாதியைக் கிளம்பும்போதும் மாற்றுங்கள்.

கேள்வி (திங்கள்சந்தை): சென்னையில் இருக்கும் மச்சினர் குடும்பம் சுவிட்சர்லாந்து திட்டத்தை விட்டுவிட்டு கிறிஸ்துமஸ் வாரத்தில் எங்கள் வீட்டுக்கு வருகிறது. ஒன்பது பேர். சுவிட்சர்லாந்துக்கு ஈடாக எதைக் காட்ட?

பதில்: ஈடு எதுவும் இல்லை, பனியும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதிச் சங்கடம் தீரும்.

கன்னியாகுமரிக்கு அந்த வாரம் கூட்டிப் போகாதீர்கள். கார்த்திகை முதல் ஐயப்ப பக்தர்கள் கூட்டம், அதோடு கிறிஸ்துமஸ் விடுமுறை. விவேகானந்தர் பாறைப் படகுக்கு வரிசையில் நின்றே ஒரு நாள் போய்விடும். 2024 டிசம்பர் 30-ல் திறந்த கண்ணாடிப் பாலம் வேறு கூட்டத்தை இழுக்கிறது. வரிசையில் நின்று முன்னால் வரும்போது கடல் கொந்தளிப்பென்று படகை நிறுத்திவிட்டால், ஒன்பது பேரும் உங்களைத்தான் பார்ப்பார்கள்.

மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் காலை ஏழு மணிக்குப் போங்கள். கீழே பறளியாறு, தலைக்கு மேலே நூறடிக்கும் கூடுதலான உயரத்தில் தண்ணீர் போகிறது. காமராஜர் காலத்தில் தொடங்கிய வேலை. சென்னைப் பிள்ளைகள் வாயைப் பிளக்கும். திற்பரப்பு அருவியில் குளித்துவிட்டு, மத்தியானம் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். மாலை முட்டம் கடற்கரை. இன்னொரு நாள் உதயகிரிக் கோட்டை: 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மரிடம் தோற்ற டச்சுத் தளபதி டிலெனாய், பிறகு அவருக்கே படைத்தலைவராகி, அங்கேயே புதைக்கப்பட்டிருக்கிறார். சண்டைக்கு வந்து தோற்று இங்கேயே தங்கிவிட்ட ஐரோப்பியரைக் காட்டியதாக மச்சினரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை. திங்கள்கிழமை மட்டும் போகாதீர்கள், பூட்டியிருக்கும். என் நாத்தனார் குடும்பம் அப்படிப் போய், கேட்டுக்கு வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்தது. அந்தப் போட்டோவில் நன்றாகத் தெரிவது பூட்டுதான்.